பின்னால் நடக்க மாட்டேன் என்ற காரி

ஒரு காட்டில் என்று நான் வாயைத் திறந்ததும், "சிங்கம் எங்கே?" என்று கேட்காதீர்கள் பிள்ளைகளே. இது சிங்கம் இல்லாத காடு. எங்கள் கொங்குச் சீமையில் பயிர் வைக்கிற நிலத்தையும் காடு என்றுதான் சொல்லுவோம். அப்படிப்பட்ட ஒரு காட்டில், ஒரு கிணற்றடியில், காரி என்று ஓர் எருது இருந்தது.

கறுப்பென்றால் கறுப்பு, அடுப்புச் சட்டியின் அடிக்கறுப்பு. நாலு பல் முளைத்த வயசு. உடம்பெல்லாம் பலம், மனசெல்லாம் பெருமை. "இந்தக் கெணத்துல தண்ணி வருதுன்னா அது என்னால!" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடும். சொல்லாவிட்டால் அதற்குத் தீவனம் இறங்காது.

அந்த ஊருக்கு அப்போது மோட்டார் வரவில்லை. கிணற்றுத் தண்ணீரை எருதுகள்தான் மேலே இழுத்துக் கொண்டுவர வேண்டும். அதற்குக் கவலை இறைப்பது என்று பெயர். அது எப்படி என்று தெரியாவிட்டால் கதை ருசிக்காது. கொஞ்சம் காதைக் கொடுங்கள்.

கிணற்று மேட்டில் ஓர் உருளை. உருளையின் மேல் தடித்த கயிறு. கயிற்றின் ஒரு நுனியில் சால் தொங்கும். சால் என்றால் தகரத்தில் செய்த பெரிய வாளி, நீங்கள் ஏறி உட்காரலாம், அவ்வளவு பெரிசு. கயிற்றின் மறு நுனி இரண்டு எருதுகளின் நுகத்தடியில் இருக்கும். கிணற்றிலிருந்து ஒரு சரிவுப் பாதை கீழே இறங்கும். அதை வாரி என்பார்கள்.

எருதுகள் வாரியில் முன்னால் நடந்து இறங்கினால், சால் மேலே வரும். தொட்டியில் தண்ணீர் கொட்டும். அங்கிருந்து வாய்க்கால் வழியாகப் பயிருக்கு ஓடும். பிறகு? எருதுகள் திரும்ப வாரியில் இடம் கிடையாது. வந்த வழியே பின்னங்காலை எடுத்து வைத்து, பின்னாலேயே நடந்து மேட்டுக்கு ஏற வேண்டும். முன்னால் ஒரு நடை, பின்னால் ஒரு நடை. விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை இதே வேலை.

காரியோடு நுகத்தில் பூட்டிய ஜோடி எருதுக்குச் செவலை என்று பெயர். செவலைக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். தின்பது, வேலை செய்வது. காரி பெருமையடிக்கிற போதெல்லாம், "உன்னாலதாம்ப்பா வருது. நட நட" என்று சொல்லிவிட்டு அது பாட்டுக்கு நடக்கும்.

தோட்டக்காரர் பெயர் நாச்சிமுத்து. அவர் மனைவி பாவாத்தாள். அந்த வருஷம் அவர்கள் ஓர் ஏக்கர் ராகி போட்டிருந்தார்கள். கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற சமயம். அந்தச் சமயத்தில் ராகிக்குத் தண்ணீர் குறையவே கூடாது. நாலு நாள் விட்டால் போச்சு, கதிரெல்லாம் வெறும் பதர். வீட்டுக்கு வருஷம் முழுக்கக் களியும் கூழும் அந்த ராகிதான். எருதுகளுக்கு வருஷம் முழுக்கத் தீனி அதன் தாள்தான்.

இனி ஆட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடலாம் என்றால் அது விடாது.

பாவாத்தாளின் வெள்ளாடு அது. கொம்பு இரண்டும் சுருண்டிருக்கும். அதனால் சுருளி என்று பெயர். சுருளிக்கு இருந்தது ஒரே குணம், தந்திரம். ராகிக் காட்டைச் சுற்றி நல்ல முள்வேலி. கிணறும் வாரியும் வேலிக்கு வெளியே. சுருளி தினமும் வேலிச்சந்தில் மூக்கை வைத்து, பச்சைப் பசேல் என்று நிற்கிற ராகியைப் பார்த்துப் பெருமூச்சு விடும். பாவம், பார்க்கலாம், தின்ன முடியாது.

போன வருஷம் பக்கத்துக் காட்டில் தண்ணீர் வற்றிப் பயிர் காய்ந்து போனது. "இனி இது எதுக்காகும், ஆட்டுக்காவது ஆகட்டும்" என்று அந்தக் காட்டுக்காரர் வேலி வாசலில் சாத்தியிருந்த படலைத் திறந்து விட்டுவிட்டார். நாலு நாள் விருந்து! சுருளிக்கு அது மறக்கவே இல்லை.

'தண்ணி நின்னா பயிர் காயும். பயிர் காஞ்சா படல் தெறக்கும். படல் தெறந்தா எனக்கு விருந்து' என்று சுருளி கணக்குப் போட்டது. 'சரி, தண்ணியை யாரை வெச்சு நிறுத்தறது?'

செவலையைப் பார்த்தது. 'இது தின்னிப்பயல். இது காதுல எதுவும் ஏறாது.'

காரியைப் பார்த்தது. 'ஆ! இது பெருமைக்காரன். இவன் காது எப்பவும் தொறந்தே கெடக்கும்.'

அன்றைக்கு மத்தியானம், எருதுகள் வேலமரத்து நிழலில் அசைபோட்டுக்கொண்டிருந்தன. சுருளி மெல்லப் பக்கத்தில் வந்தது.

"காரியண்ணா, நீ வாரியில எறங்கறதைப் பாத்தா ராசா ஊர்வலம் போற மாதிரி இருக்குது."

"இருக்காதா பின்னே?" என்றது காரி.

"ஆனா..." என்று சுருளி இழுத்தது.

"என்ன ஆனா?"

"வேண்டாம். சொன்னாக் கோவிச்சுக்குவே."

"கோவிக்க மாட்டேன், சொல்லு."

"எறங்கறப்போ ராசா. ஏர்றப்போ?" சுருளி குரலைத் தாழ்த்தியது. "வாலு முன்னால வருது, மூஞ்சி பின்னால வருது. ஊருக்குள்ள ஒரு நாய்கூட அப்படி நடக்காது. முந்தாநாள் இந்த வழியாப் போன வண்டிமாடுக ரெண்டும் உன்னைப் பாத்துச் சிரிச்சுதுக. எனக்கு மனசே கேக்கல."

அப்படி எந்த வண்டிமாடும் போகவில்லை, சிரிக்கவுமில்லை. எல்லாம் சுருளி அந்த நிமிஷம் கட்டிய கதை. ஆனால் காரிக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

"சிரிச்சுதுகளா? என்னைப் பாத்தா?"

"பின்னே? நானெல்லாம் பொறந்ததிலிருந்து ஓரடி பின்னால வெச்சதில்லை, தெரியுமா? பாறையா, ஏறுவேன். மதிலா, தாண்டுவேன். முன்னாலதான்! சரி, ஒண்ணு கேக்கறேன். நீ முன்னால போறப்போ தண்ணி வருது. பின்னால போறப்போ வருதா?"

காரி யோசித்தது. "இல்லே."

"ஒரு சொட்டாவது?"

"ஒரு சொட்டுகூட இல்லே."

"தண்ணியே வராத நடை உனக்கு எதுக்குண்ணா? உன் பலத்துக்கு அது அசிங்கமில்லையா?"

நீங்களாக இருந்தால் அங்கேயே ஒரு பதில் சொல்லியிருப்பீர்கள். தெரியும், தெரியும், கத்தாதீர்கள். ஆனால் காரிக்குத் தெரியவில்லை. ஏன் தெரியுமா? முன்னால் போனாலும் பின்னால் போனாலும் அதன் முகம் கிணற்றுக்கு மறுபக்கம்தான் இருக்கும். சால் இறங்குவதை அது ஒரு நாளும் கண்ணால் பார்த்ததே இல்லை. தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும் முன்னால் நடந்து முடிக்கிறபோது காதில் விழும். அதனால் முன்னால் போவதுதான் வேலை என்று நினைத்துக்கொண்டது.

மறுநாள் காலை நாச்சிமுத்து கவலை பூட்டினார். காரி ஜம்மென்று இறங்கியது. சால் மேலே வந்தது. தண்ணீர் தொட்டியில் கொட்டியது.

"ம்... பின்னால, பின்னால" என்றார் நாச்சிமுத்து.

செவலை பின்னங்காலைத் தூக்கியது. காரி தூக்கவில்லை.

"பின்னால வாடா ராசா!"

காரி நாலு காலையும் மண்ணில் ஊன்றி நின்றது. நாச்சிமுத்து தட்டிக் கொடுத்தார். மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தள்ளினார். முள் குத்தியிருக்குமோ என்று ஒவ்வொரு குளம்பாகத் தூக்கிப் பார்த்தார். நுகத்தடி உராய்ந்து கழுத்தில் புண்ணோ என்று தடவிப் பார்த்தார். ஒன்றுமே இல்லை. சாட்டையை எடுத்தார். எடுத்தவர் அதைக் கீழே போட்டுவிட்டார். கன்றிலிருந்து கையால் புல் ஊட்டி வளர்த்த எருது. அடிக்க மனசு வரவில்லை.

"ஏப்பா, பின்னால வா. வேலை முடிஞ்சாத்தானே புண்ணாக்குத் தண்ணி வெப்பாங்க" என்றது செவலை.

"நீ வேணும்னாப் போ. நான் போறது முன்னால மட்டும்தான்."

"நான் மட்டும் எப்படிப் போறது? ரெண்டு பேரும் ஒரே நுகத்தடியில இருக்கறோமே?"

"அப்போ நில்லு."

செவலை நின்றது. வேறென்ன செய்யும்?

அன்றைக்கு ஒரே ஒரு சால் தண்ணீர். அது வாய்க்காலில் பாதி தூரம்கூடப் போகவில்லை. வாய்க்கால் கல்லே குடித்துவிட்டது. ஊரெல்லாம் ஒரே பருவம், எல்லாக் கிணற்றிலும் கவலை ஓடிக்கொண்டிருந்தது. இரவல் எருது யார் கொடுப்பார்கள்? நாச்சிமுத்து ஒரு குடம், பாவாத்தாள் ஒரு குடம் என்று கிணற்றுப் படியில் இறங்கி ஏறிச் சுமந்தார்கள். ஓர் ஏக்கர் ராகிக்குக் குடத்தால் ஊற்றி முடியுமா? சாயங்காலம் ஆனபோது நாலு பாத்திகூட நனையவில்லை. பாவாத்தாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

காரி அதையெல்லாம் பார்த்தது. மனசுக்குள் என்னவோ செய்தது. ஆனாலும், 'முன்னால இழுக்கச் சொல்லட்டும், எவ்வளவு வேணும்னாலும் இழுக்கறேன். நானா மாட்டேங்கறேன்?' என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டது.

இரண்டாம் நாளும் அதே கதை. ஒரு சால், அப்புறம் பிடிவாதம். ராகியின் தோகைகள் மத்தியானத்தில் சுருள ஆரம்பித்தன.

சுருளி வேலியோரம் வந்து, "சபாஷ் காரியண்ணா! ஆம்பளைன்னா நீதான்!" என்று சொல்லிவிட்டுப் போனது. காரி தலையை நிமிர்த்திக்கொண்டது.

மூன்றாம் நாள் காலை. நாச்சிமுத்து பேசாமல் கவலை பூட்டினார். அவர் முகத்தைப் பார்க்கக் காரிக்குக் கஷ்டமாக இருந்தது.

'சரி, இன்னைக்கு என் பலத்தைக் காட்டறேன். வழக்கமா நிக்கற எடத்துல நிக்காம இன்னும் முன்னால போறேன். இன்னும் போனா இன்னும் தண்ணி வருமில்ல?' என்று நினைத்தது.

வாரியில் இறங்கியது. சால் மேலே வந்து, தண்ணீர் கொட்டியது. காரி நிற்கவில்லை. இன்னும் இழுத்தது. சால் உருளையில் போய் முட்டியது. உருளை கிரீச்சிட்டது, கிணற்று மேட்டு மரங்கள் முனகின. காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு தம் கட்டி இழுத்தது. செவலையையும் சேர்த்து இழுத்தது.

"டேய் டேய்! கயிறு அந்து போகும்டா! நில்லுடா!" நாச்சிமுத்து ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார்.

காரி நின்றது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. தண்ணீர் கொட்டுகிற சத்தம் இல்லை. முதல் தடவையாகக் கழுத்தை முழுக்கத் திருப்பிக் கிணற்றுப் பக்கம் பார்த்தது. அங்கே, உருளைக்குக் கீழே, சால் காலியாகத் தொங்கியது. காற்றில் ஆடியது. அதிலிருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை.

காரி செவலை பக்கம் திரும்பியது. "செவலை, சால் ஏன் காலியா இருக்குது?"

"எறங்கினாத்தானே ரொம்பும்?" என்றது செவலை. "பின்னால போனாத்தானே எறங்கும்?"

"இதை ஏன் நீ மொதல்லயே சொல்லலே?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றது செவலை, அசைபோட்டபடி.

நாச்சிமுத்து எருதுகளை அவிழ்க்கக்கூட இல்லை. அப்படியே விட்டுவிட்டு வேலமரத்தடியில் போய்க் குந்திவிட்டார். வெயில் உச்சிக்கு வந்தது. பாவாத்தாள் தூக்குச் சட்டியில் கூழோடு வந்தாள்.

"ஏனுங்க மாமா, இன்னைக்கும் அப்படித்தானுங்களா?"

"அப்படித்தான் புள்ளே. என்ன சொன்னாலும் அசைய மாட்டேங்குது."

"நானும் பிள்ளையாருக்குத் தேங்காய் ஒடைக்கறேன்னு வேண்டிக்கிட்டிருக்கறேனுங்க."

"வேண்டிக்க, வேண்டிக்க. ஆனா நாளைக்குச் செவ்வாக்கிழமை. காரியைச் சந்தைக்குத்தான் ஓட்டோணும். பின்னால நடை போடாத எருது தோட்டத்துக்கு ஆகாது. வாங்கறவன் வண்டிக்குப் பூட்டறானோ, வேற எதுக்குக் கொண்டு போறானோ, நம்ம கையில என்ன இருக்குது? வேற எருது வாங்கறதுக்குள்ள ராகியும் காஞ்சு போயிருச்சுன்னா, படலைத் தெறந்து ஆட்டை விட்டுட வேண்டியதுதான்."

பாவாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூக்குச் சட்டியில் இருந்த கூழை இரண்டு பேரும் தொடவில்லை.

வாரியின் அடியில் நின்ற காரிக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. சந்தையா? இந்தக் கிணற்றை விட்டா? இந்தக் கையை விட்டா? அதற்குக் கால் நடுங்கியது.

அப்போது வேலியோரத்தில் ஒரு துள்ளல். சுருளிதான்.

"படல் தெறக்கப் போறாங்க! படல் தெறக்கப் போறாங்க! நான் போட்ட கணக்குத் தப்பவே இல்லை!"

"ஏ சுருளி!" என்றது காரி. "இதுக்காகவா என்கிட்ட வந்து அத்தனையும் பேசினே?"

சுருளி கொஞ்சம்கூடக் கூச்சப்படவில்லை. "பேசினது நான்தாண்ணா. நின்னது யாரு? உன்னோட காலை நானா பிடிச்சு நிறுத்தினேன்?"

காரி குனிந்து தன் காலைப் பார்த்தது. சுருளி சொன்னது உண்மைதானே!

'இப்பவே பின்னால போயிரலாம். சால் எறங்கிரும், தண்ணி வந்திரும்' என்று மனசு சொன்னது. பின்னங்காலை லேசாகத் தூக்கியது. உடனே இன்னொரு நினைப்பு வந்தது. 'மூணு நாளா மாட்டேன் மாட்டேன்னு நின்னுட்டு, இப்போ இந்த ஆட்டுக்கு முன்னாலயே பின்னால நடந்தா? இது ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்குமே?'

தூக்கிய காலைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டது. பாருங்கள் பிள்ளைகளே! தப்பு என்று தெரிந்துவிட்டது. செய்ய வேண்டியது என்ன என்றும் தெரிந்துவிட்டது. அப்படியும் கால் வரவில்லை. பெருமை அப்படிப்பட்ட பசை.

சுருளிக்கோ நாளை வரை பொறுக்க முடியவில்லை. 'எப்படியும் எனக்குத்தான். இன்னைக்கே ஒரு வாய் தின்னா என்ன?' என்று வழி தேடியது. தேடிய கண்ணில் வாய்க்கால் பட்டது.

தொட்டியிலிருந்து பயிருக்குப் போகிற வாய்க்கால், கிணற்றின் விளிம்பை ஒட்டி ஒரு குட்டிச்சுவரின் மேலே போகும். அகலம் ஒரு சாண்தான். இந்தப் பக்கம் ஆழக் கிணறு, அந்தப் பக்கம் முள்வேலி. மற்ற நாளில் அதில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஆட்டுக்குத் தண்ணீரில் கால் வைப்பதென்றால் ஆகாது, அதனால் சுருளி அந்தப் பக்கம் போனதே இல்லை. இப்போதுதான் காலையில் கொட்டிய ஒரு சாலும் காய்ந்து, கல் மொறமொறவென்று கிடக்கிறதே!

சுருளி தொட்டியின் மேல் தாவியது. வாய்க்காலுக்குள் இறங்கியது. ஒய்யாரமாக நடந்தது. இருபது அடி, முப்பது அடி. ராகி வாசனை மூக்கில் ஏறியது. கடைசியில் போய்ப் பார்த்தால், வாய்க்கால் காட்டுக்குள் நுழைகிற இடத்தில் பெரிய முள்கட்டு ஒன்றை அடைத்து வைத்திருந்தார்கள். அடியில் தண்ணீர் போகலாம், ஆடு போக முடியாது.

சரி, திரும்பிவிடலாம் என்று சுருளி உடம்பை வளைத்தது. கொம்பு முள்ளில் மாட்டியது. வெடுக்கென்று இழுத்தது. அதில் ஒரு பின்னங்கால் விளிம்பை விட்டு நழுவியது. ஒரு கல் உருண்டு கிணற்றுக்குள் விழுந்தது. அது தண்ணீரைத் தொட்ட சத்தம் வருவதற்கு வெகு நேரம் ஆயிற்று.

சுருளி காலை எப்படியோ மேலே வைத்துக்கொண்டு, அப்படியே மரமாக நின்றது.

"மே! மே! காரியண்ணா! காப்பாத்துண்ணா!"

மரத்தடியில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆடு என்றால் கத்தத்தானே செய்யும் என்று விட்டுவிட்டார்கள். காரி கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. விஷயம் ஒரே பார்வையில் புரிந்துவிட்டது.

"திரும்ப முடியாது சுருளி. எடம் இல்லை. பின்னால வா."

"எனக்குப் பின்னால நடக்கத் தெரியாதுண்ணா! நான்தான் பொறந்ததிலிருந்து வெச்சதில்லைன்னு சொன்னேனே!" சுருளியின் நாலு காலும் வெடவெடவென்று ஆடின. "விழுந்திருவேன்! நான் விழுந்திருவேன்!"

செவலை மெதுவாகச் சொன்னது: "விழட்டும் விடு. உனக்கு அது செஞ்ச வேலைக்கு இது போதாது."

காரிக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. ஏன் தோன்றாது? ஆனால் அந்த நடுக்கத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தன் காலும் அப்படித்தானே நடுங்கியது?

'இந்த ஊர்லயே பின்னால நடக்கத் தெரிஞ்சது என்னை மாதிரி எருதுகதான். நான் சொல்லிக் குடுக்காம வேற யாரு குடுப்பாங்க?' என்று நினைத்தது. நினைத்ததும் மூன்று நாளாக மண்ணில் ஊன்றியிருந்த கால் லேசாகிவிட்டது.

"சுருளி, கத்தாதே. கீழே பாக்காதே. நேரா முள்கட்டைப் பாத்துக்கிட்டு நில்லு. நானும் இப்போ பின்னால நடக்கறேன். என் குளம்புச் சத்தம் கேக்கும். ஒரு சத்தத்துக்கு ஓரடி. பின்னங்கால் மொதல்ல. கல்லைத் தடவிப் பாத்து வை. வெச்ச பிறகு முன்னங்காலை எடு. கேக்குதா?"

"கே... கேக்குது."

காரி பின்னங்காலைத் தூக்கி வைத்தது.

தொக்.

சுருளி ஓரடி பின்னால் வைத்தது.

"அப்பாடா!" என்று செவலையும் காலைத் தூக்கியது. "இப்பவாவது தோணிச்சே."

தொக்.

இன்னோர் அடி.

"அப்படித்தான். அவசரப்படாதே. நான் போறேன், நீயும் வா" என்றது காரி. அதன் குரலில் இப்போது ஆட்டம் இல்லை. பெருமையடிக்கிற குரலும் இல்லை. வேலை தெரிந்தவர் பேசுகிற குரல்.

தொக். தொக். காரி வாரியில் பின்னாலேயே ஏறியது. சுருளி வாய்க்காலில் பின்னாலேயே வந்தது. ஒரு தடவை நடுவில் அதன் குளம்பு வழுக்கியது. "நில்லு. மூச்சை விடு. ம், இப்போ வை" என்றது காரி. அதுவரை தானும் காலைத் தூக்காமல் பொறுத்திருந்தது.

எருதுகள் நடக்க நடக்க, கயிறு தளர்ந்தது. உருளை சுழன்றது. சால் ஆடி ஆடிக் கீழே இறங்கியது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. காரி மேட்டுக்கு வந்து சேர்ந்த அதே நேரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து "தொபுக்!" என்று ஒரு சத்தம் வந்தது.

நாச்சிமுத்து துள்ளி எழுந்தார். அந்தச் சத்தம் என்ன சத்தம் என்று அவருக்குத் தெரியாதா?

"ஏ பாவா! சால் எறங்கிருச்சு! சால் எறங்கிருச்சு புள்ளே!"

இரண்டு பேரும் தலைதெறிக்க ஓடிவந்தார்கள். வாரியின் மேட்டில் காரியும் செவலையும் நின்றன. கிணற்றுக்குள் சால் தளும்பத் தளும்ப நிறைந்து கிடந்தது.

"என் பிள்ளையாரப்பா!" என்று பாவாத்தாள் கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்ட தேங்காய் அன்றைக்கே கிடைத்தது. அவர் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாச்சிமுத்து காரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "நடடா ராசா, நட!"

காரி நடக்கவில்லை. நாச்சிமுத்து அதன் முகத்தைப் பார்த்தார். "மறுபடியுமா?"

மறுபடியும் இல்லை. வாய்க்காலில் சுருளிக்கு இன்னும் நாலடி பாக்கி. இப்போது இழுத்தால் தண்ணீர் சாடி வந்து அதன் காலை வாரிவிடும். காரி கழுத்தைத் திருப்பிப் பார்த்தபடி காத்திருந்தது. மூன்று, இரண்டு, ஒன்று. சுருளி தொட்டியின் மேல் பின்னங்காலை வைத்து, கீழே குதித்து, தரையைத் தொட்டதும் தொப்பென்று உட்கார்ந்துவிட்டது.

"அடிப் பாவி! நீ எங்கே போயிட்டு வர்றே?" என்று பாவாத்தாள் அதன் காதைப் பிடித்தாள். வேலிச்சந்தில் இனி தலை நுழையாதபடி கழுத்தில் கிளை பிரிந்த கவைக்குச்சி ஒன்றைக் கட்டிவிட்டாள்.

சுருளி காரியிடம் மெல்ல வந்தது. முகத்தில் பழைய துள்ளல் இல்லை. ஆனால் தந்திரம் ஒரே நாளில் போய்விடுமா?

"காரியண்ணா, நீ பின்னால நடந்ததை நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். சத்தியமா" என்றது.

காரி சிரித்தது. "சொல்லு சுருளி. ஊரெல்லாம் சொல்லு. நீயும் கூட நடந்தேன்னு அதையும் சேத்துச் சொல்லு."

சுருளி கவைக்குச்சியோடு வேலமரத்தடிக்கு நழுவியது.

காரி வாரியில் இறங்கியது. சால் மேலே வந்தது. தண்ணீர் கொட்டியது. நாச்சிமுத்து வாய் திறப்பதற்குள் காரி பின்னங்காலைத் தூக்கி வைத்துப் பின்னால் ஏறியது. முன்னால் ஒரு நடை, பின்னால் ஒரு நடை. அன்றைக்கு வெயில் தாழ்ந்த பிறகும் கவலை நிற்கவில்லை. காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. சுருண்ட தோகைகள் மறுநாள் காலையில் விரிந்து நின்றன. செவ்வாய்ச் சந்தைக்கு யாரும் போகவில்லை.

அறுவடையில் வேலியோரத்து இரண்டு பாத்தி மட்டும் பதராகப் போயிருந்தது. மற்றதெல்லாம் மணி பிடித்த ராகி. அந்த இரண்டு பாத்தியைப் பார்க்கிறபோதெல்லாம் காரி தலையைக் குனிந்துகொள்ளும். அப்புறம் நிமிர்ந்து, யாரும் சொல்லாமலே பின்னங்காலை எடுத்து வைக்கும்.

நீதி: பின்னால் எடுத்து வைக்கிற அடியும் வேலையில் சரிபாதி, அதை வைக்க வெட்கப்படுகிறவர் எவ்வளவு முன்னால் போனாலும் கையில் வருவது காலிச் சால்தான்.